கண்ணை மூடிக்கொண்டு நாம் பேசியவை

அண்ணா,

இன்று காலை ஃப்ரிட்ஜைத் திறந்தேன். கதவில் முட்டை வைக்கும் குழிகளில் முட்டைகள் இருந்தன.

புதிதாக வேலைக்கு வரும் மௌஷி அடுக்கியிருக்கிறாள். அங்கே இருந்த என் கண் சொட்டு மருந்துக் குப்பிகளை எடுத்து ஓர் எவர்சில்வர் டம்ளருக்குள் போட்டு, ஊறுகாய் பாட்டிலுக்குப் பின்னால் தள்ளியிருக்கிறாள். அவளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. எந்த வீட்டிலும் முட்டைக் குழியில் முட்டைதான் இருக்கும். நம் ஏரவாடா வீட்டில்தான் அந்த வழக்கம் இல்லை. மேல் வரிசை உனக்கு, கீழ் வரிசை எனக்கு. முட்டைகளை அம்மா கீழே காய்கறித் தட்டில் தக்காளியோடு போட்டு வைப்பாள். எடுக்கும்போதெல்லாம் ஒன்றாவது விரிசல் விட்டிருக்கும். "இந்த வீட்ல முட்டைக்குக்கூட இடம் இல்ல" என்று அவள் முனகுவதும், "முட்டைக்கு கிளாக்கோமா வராதும்மா, அது எங்க வேணா இருக்கலாம்" என்று நீ பதில் சொல்வதும் காதில் கேட்டன. கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். மகள் வந்து, "அம்மா, ஃப்ரிட்ஜ் கத்துது" என்றாள்.

நீ போய் மூன்று மழைக்காலம் முடிந்துவிட்டது. நீ உயிரோடு இருந்தாலும் இந்த மடலை நீயாகப் படித்திருக்க மாட்டாய். புனேயில் பிறந்து வளர்ந்தவன். தமிழில் எழுத்துக் கூட்டி இரண்டு வரி போவதற்குள் "ஏட்டி, நீயே படி" என்று என் பக்கம் தள்ளிவிடுவாய். இதையும் நான் உனக்கு வாய்விட்டுப் படிப்பதாகவே வைத்துக்கொள்.

எங்கே தொடங்குவது? உன் தோளில் தொடங்கலாம். உன் இடது தோள் எப்போதும் கன்றியிருக்கும். கதவு நிலையில் இடிப்பாய். பஸ் நிறுத்தத்தில் நிற்பவர்கள்மேல் இடிப்பாய். சாப்பிட உட்கார்ந்தால் இடப்பக்கம் இருக்கும் தண்ணீர் டம்ளர் கவிழும். "நெதானமே இல்லாம நடக்கானே இந்தப் பய" என்று அம்மா திட்டுவாள். திருநெல்வேலியை விட்டு வந்து அத்தனை வருஷம் ஆகியும் அவள் பேச்சு அந்த ஊர் ஆற்றைத் தாண்டவே இல்லை. அப்பா கட்கியில் தொழிற்சாலைக் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தார், பேசவே மாட்டார். நீ கவிழ்த்த தண்ணீரைத் தன் துண்டால் துடைத்துவிட்டுச் சாப்பிடுவார்.

அது கவனக்குறைவு என்றுதான் நாம் எல்லாரும் நினைத்தோம். நீயும்தான். பி.காம். இரண்டாம் வருஷம் படித்தாய். கண்ணாடி பவர் மட்டும் ஆறு மாதத்துக்கொருமுறை ஏறிக்கொண்டிருந்தது. படிக்கிற பையனுக்கு ஏறத்தான் செய்யும் என்று விட்டுவிட்டோம்.

முதலில் கவனித்தவர் நீ மேளம் அடித்த டோல் பதக் குழுவின் தலைவர். கணபதி விழாவுக்கு இரண்டு மாதம் முன்பே ஆற்றங்கரையில் பயிற்சி தொடங்கிவிடும். மராத்திப் பையன்களுக்கு நடுவில் இடுப்பில் டோலைக் கட்டிக்கொண்டு நீ ஒருவன்தான் தமிழ்ப் பையன். உன்னை 'அண்ணா' என்றே கூப்பிடுவார்கள், உன்னைவிட மூத்தவர்களும். வரிசையாக நின்று அடித்துக்கொண்டே எல்லாரும் ஒன்றாகத் திரும்ப வேண்டும். அந்த வருஷம் திரும்பும்போதெல்லாம் உன் இடப்பக்கத்துப் பையன்மேல் போய் மோதினாய். அவர் உன்னைப் பின்வரிசை ஓரத்துக்கு மாற்றினார். வீட்டுக்கு வந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, "தாளம் தப்பல. அவன் எங்க நிக்கான்னு எனக்குத் தெரியல" என்றாய். அதைச் சொல்லிவிட்டு நீயே ஒரு கணம் நின்றுவிட்டாய். எனக்கு அது நினைவிருக்கிறது.

அந்த வாரமே நீ கண்ணாடிக் கடைக்குப் போனாய். கடைக்காரர் உன் இரண்டு கண்ணையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, "கண்ணாடி வேண்டாம், முதலில் கண் ஆஸ்பத்திரிக்குப் போ" என்று அனுப்பிவிட்டார்.

ஆஸ்பத்திரியில் நடந்ததை நீ என்னிடம் ரொம்ப நாள் கழித்துத்தான் சொன்னாய். கண்ணில் மரத்துப் போகும் மருந்தும் மஞ்சள் சாயமும் விட்டு, நீல வெளிச்சம் ஒன்றை விழிமேல் வந்து தொடுகிற மாதிரி வைத்து அழுத்தம் பார்த்தார்களாம். இருபதுக்குள் இருக்க வேண்டியது நாற்பதைத் தாண்டியிருந்ததாம். பிறகு விழியின்மேல் ஒரு சின்ன லென்ஸை வைத்து, கண்ணுக்குள் நீர் வடியும் வழியைப் பார்த்தார்களாம். கடைசியாக அந்த வெள்ளைக் கிண்ணம். தாடையை வைத்து நடுவிலிருக்கும் புள்ளியையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கிண்ணத்துக்குள் அங்கங்கே சின்னச் சின்ன வெளிச்சம் மினுங்கும். தெரிந்தால் கையிலிருக்கும் பட்டனை அழுத்த வேண்டும்.

நீ தெரியாததற்கும் அழுத்தினாய். குத்துமதிப்பாக, வந்திருக்கும் என்று நினைத்த இடத்திலெல்லாம்.

டாக்டர் அம்மா காகிதத்தைப் பார்த்துவிட்டு உன்னை உள்ளே கூப்பிட்டு, "பாளா, வெளிச்சம் போடாதபோதும் அழுத்தியிருக்கிறாய். மெஷினுக்கு அது தெரியும். யாரை ஏமாற்றுகிறாய்?" என்று, பெற்ற பிள்ளையைக் கூப்பிடுவது போல மராத்தியில் கேட்டாராம்.

"வெளியே எங்கம்மா உட்கார்ந்திருக்காங்க டாக்டர்" என்றாயாம்.

அவர் உன்னைத் திட்டவில்லை. ஒரு டீ வரவழைத்துக் கொடுத்து, அரை மணி நேரம் கழித்து மறுபடி எடுக்கச் சொன்னார். இந்தத் தடவை ஒழுங்காக அழுத்தினாய். இடது கண்ணில் நடுவில் ஒரு சாவித்துவாரம் அளவுக்குத்தான் மிச்சம். வலது கண்ணில் ஓரம் அரித்திருந்தது. "போனதைத் திருப்பித் தர என்னிடம் மருந்து கிடையாது. இருப்பதைக் காப்பாற்றலாம். அதற்கு நீ பொய் சொல்லாமல் இருக்க வேண்டும்" என்றார். அதற்குப் பிறகு நீ அவரிடம் ஒரு தடவைகூடப் பொய் சொல்லவில்லை.

இங்கே கிளாக்கோமாவுக்குக் 'காச்பிந்து' என்று பெயர். கண்ணாடித் துளி. அம்மா அதை 'மோதிபிந்து' என்று கேட்டுக்கொண்டு, "அது வயசானவங்களுக்கு வரதுல்லா? ஆபரேசன் பண்ணிட்டா சரியாப் போயிரும்லா?" என்றாள். அது கண்புரை, இது வேறு, இது சின்ன வயசிலேயே வரும், வலிக்காது, சொல்லிக்கொண்டு வராது என்று நீ பொறுமையாக விளக்கினாய். அம்மா எல்லாம் கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய் நின்றுகொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து அங்கிருந்தே சொன்னாள்.

"அம்பாசமுத்திரத்துல எங்க சின்னத் தம்பிக்கும் இப்படித்தான். முப்பது வயசுல முழுசா அவிஞ்சு போச்சு. காய்ச்சல்ல போச்சுன்னு சொன்னாவ. காய்ச்சல் எல்லாருக்குந்தான் வந்துச்சு."

அந்த மாமாவைப் பற்றி நாம் கேள்விப்பட்டதே இல்லை.

உன் சொட்டுகள் வந்தன. ஒன்று காலையும் மாலையும். இன்னொன்று நாளுக்கு நாலு வேளை. அது விட்டால் புருவத்துக்கு மேலே வலிக்கும், கண்பாப்பா சுருங்கி அந்தி வேளை மாதிரி உலகம் மங்கிவிடும். மாத்திரை ஒன்று, அது விரல் நுனிகளை மரத்துப் போகச் செய்தது. சோடா குடித்துவிட்டு "இரும்பைக் கரைச்சு வச்சிருக்கான்" என்று துப்பினாய். கடைக்காரரோடு சண்டைக்குப் போகப் பார்த்தாய். மாத்திரையினால்தான் அப்படி என்று டாக்டர் சொன்ன பிறகு மறுபடி போய் அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தாய்.

சொட்டு விட்டபின் கண்ணை மூடி, மூக்கோரம் விரலால் அழுத்திக்கொண்டு ஐந்து நிமிஷம் இருக்க வேண்டும்; இல்லையென்றால் மருந்து தொண்டைக்குள் இறங்கிவிடும். சாயங்காலம் நீ அப்படி உட்கார்ந்திருக்கும்போது நான் அம்மா வாங்கும் வாரப் பத்திரிகையிலிருந்து உனக்குப் படித்துக் காட்டுவேன். எனக்கு அம்மா தமிழ் எழுத்துச் சொல்லிக்கொடுத்திருந்தாள். உனக்கு அவளால் முடியவில்லை, நீ ஓடிவிட்டாய். தொடர்கதை, ஜோசியம், சமையல் குறிப்பு, எதுவாக இருந்தாலும் கேட்பாய். மாலை ஏழு மணி, குக்கர் சத்தம், பக்கத்து வீட்டு மராத்திச் செய்தி, உன் முன்னால் நான்.

டாக்டர் ஒன்று சொல்லியிருந்தார்: கூடப் பிறந்தவர்களையும் பெற்றவர்களையும் கட்டாயம் பார்க்க வேண்டும். அப்பா மறுநாளே போய்ப் பார்த்துக்கொண்டார், ஒன்றும் இல்லை. அம்மாவுக்குக் கொஞ்சம் இருந்தது, மெதுவாக நகர்கிற வகை. அதை ஏற்றுக்கொண்டாள். ஆனால் என்னைக் கூட்டிக்கொண்டு போக மட்டும் சம்மதிக்கவில்லை.

"அவ பன்னெண்டாங் கிளாஸ் படிக்கா. ஊசி கோத்துத் தாரா. தூரத்துப் பஸ் நம்பரப் படிக்கா. அவளுக்கு ஒண்ணும் இல்ல. இருக்குன்னு ஒருத்தன் எழுதிக் குடுத்துட்டா நாளைக்கு யார் வந்து கட்டுவா?"

"இல்லன்னா இல்லன்னு தெரிஞ்சிட்டுப் போகுது" என்றாய்.

"தெரிய வேண்டாம்."

நானும் அம்மா பக்கம்தான் நின்றேன். எனக்குப் பயம். உன்னிடம் எரிந்து விழுந்தேன். "எனக்கு நல்லாத் தெரியுது, விடு."

நீ குரலை உயர்த்தவில்லை. "எனக்கும் நல்லாத்தான்ட்டி தெரிஞ்சுது" என்றாய்.

ஒரு சனிக்கிழமை டியூஷனுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு உன்னோடு பஸ் ஏறினேன். ஸ்கூட்டரை நீ அதற்குள் அப்பாவிடம் ஒப்படைத்துவிட்டாய். ஜன்னலோரம் என்னை உட்கார வைத்தாய். பாலம் தாண்டும்போது ஆற்றில் தண்ணீர் இல்லை, எருமைகள் படுத்திருந்தன. நீ எதிரே வரும் கடைப் பலகைகளை எல்லாம் என்னைப் படிக்கச் சொல்லிக்கொண்டே வந்தாய். விளையாட்டுப் போல. நான் எல்லாவற்றையும் சரியாகப் படித்தேன். ஒவ்வொன்றுக்கும் உன் முகம் கொஞ்சம் தெளிந்தது.

உனக்குச் செய்த எல்லாவற்றையும் எனக்கும் செய்தார்கள். அந்த நீல வெளிச்சம் கிட்டே வரும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டேன். பிடிக்காதே, அழுத்தம் கூடிக் காட்டும், சாதாரணமாக இரு என்றார் டாக்டர். கண்பாப்பாவை விரிக்கும் மருந்து விட்டு மறுபடி பார்த்தார். கிண்ணத்தில் தாடை வைத்தேன். தெரிந்ததற்கு மட்டும் அழுத்தினேன்.

டாக்டர் உன்னையும் உள்ளே அழைத்தார். "உன் தங்கைக்கும் அழுத்தம் இருக்கிறது. இரண்டு கண்ணிலும். ஆனால் நரம்பு இன்னும் நன்றாக இருக்கிறது, பார்வை கொஞ்சம்கூடப் போகவில்லை. சரியான நேரத்துக்குக் கூட்டி வந்திருக்கிறாய்."

நீ தலையை ஆட்டினாய். "தாங்க்யூ டாக்டர்" என்றாய். வெளியே போய்விட்டாய்.

நான் மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு வந்தபோது கண்பாப்பா விரிந்திருந்ததால் எல்லாம் கலங்கித் தெரிந்தது. தாழ்வாரத்துக் கடைசி பெஞ்சில் ஒரு நீலச் சட்டை குனிந்து உட்கார்ந்திருந்தது. தோள்கள் குலுங்கின. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"என்னோட நின்னுரும்னு நெனச்சேன்ட்டி" என்றாய்.

"எனக்கு இப்ப உன் மூஞ்சியே தெரியல, மருந்து விட்டிருக்காவ. நல்லா அழுதுக்கோ" என்றேன். நீ அழுகையோடு சிரித்துவிட்டாய். மூக்கைச் சிந்திக்கொண்டு, "சல், வா, டீ குடிக்கலாம்" என்று எழுந்தாய். கேம்ப் பகுதியில் ஓர் ஈரானிக் கடையில் வெண்ணெய் தடவிய பன் மஸ்காவைப் பிய்த்து டீயில் நனைத்து எனக்குக் கொடுத்தாய். எனக்கு ஓரத்தில் கூட எதுவும் மறையவில்லை, வெளிச்சம்தான் கூசியது. நீ என்னைக் கைப்பிடித்துச் சாலையைக் கடத்தினாய். உன் இடப்பக்கம் வரும் வண்டிகளை நான் பார்த்துச் சொன்னேன்.

வீட்டில் நீதான் சொன்னாய். அம்மா அடுப்பை அணைத்தாள். உன்னை அடிப்பாள் என்று நினைத்தேன். உன் முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இவளுக்கு எவ்வளவு மிச்சம் இருக்கு?"

"முழுசா இருக்கும்மா. இவளுக்கு எல்லாம் இருக்கு."

அம்மா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அப்பா என் மருந்துக் குப்பியை வாங்கி, எழுத்தைப் படித்துப் பார்த்துவிட்டு, ஃப்ரிட்ஜ் கதவில் உன் குப்பிகளுக்குக் கீழ் வரிசையில் வைத்தார்.

அன்றிலிருந்து மாலையில் படித்துக் காட்ட ஆள் இல்லை. இரண்டு பேரும் கண்ணை மூடியிருந்தோம். முதல் சில நாள் சும்மா இருந்தோம். பிறகு பேச ஆரம்பித்தோம். முகம் தெரியாததால்தானோ என்னவோ, வேறு எந்த நேரத்திலும் பேசாததை எல்லாம் பேசினோம். கிண்ணத்துக்குள் நீ ஏமாற்றிய கதையை அப்படித்தான் சொன்னாய். பார்வை போன இடம் எப்படி இருக்கும், கறுப்பாக இருக்குமா என்று நான் ஒருநாள் கேட்டேன்.

"கறுப்பெல்லாம் இல்லட்டி. உன் தலைக்குப் பின்னாடி இப்ப உனக்கு என்ன தெரியுது?"

"ஒண்ணும் தெரியல."

"கறுப்பாத் தெரியுதா?"

"இல்ல. அங்க ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கு."

"அவ்வளவுதான். பின்னாடி இருக்கறது கொஞ்சம் முன்னாடி வந்துட்டு."

சொட்டுக்கும் மாத்திரைக்கும் உன் வலது கண் அடங்கவில்லை. மறு வருஷம் அறுவை சிகிச்சை. கண்ணுக்குள் தேங்கும் நீர் வடிய மேலிமைக்கு அடியில் ஒரு வழி செய்து விடுவது என்று டாக்டர் விளக்கினார். இருக்கிற ஒரே நல்ல கண். அதில் கத்தி வைப்பதா என்று அப்பா முதல் தடவையாக வாயைத் திறந்து கேட்டார். வைக்காவிட்டால் இரண்டு வருஷத்தில் அதுவும் சாவித்துவாரம் ஆகிவிடும் என்றார் டாக்டர். கையெழுத்துப் போடும் முன் அப்பா காகிதத்தை இரண்டு தடவை படித்தார். நீ அவர் தோளைத் தட்டி, "பப்பா, டோண்ட் வொரி" என்றாய். அப்பாவை 'பப்பா' என்று நீ கூப்பிட்டு அதுவரை நான் கேட்டதில்லை.

கட்டு அவிழ்த்த அன்று நீ முதலில் பார்த்தது டாக்டரின் விரல்களை. அதற்குப் பிறகு என் பக்கம் திரும்பி, "என்னட்டி, எண்ணெயே வைக்கலையா தலைக்கு?" என்றாய். அம்மா சுவர்ப்பக்கம் திரும்பி நின்று முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

கண்ணைக் கசக்கக் கூடாது, அழுக்குத் தண்ணீர் படக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது. டோல் போயிற்று. கணபதியைக் கரைக்கும் விசர்ஜனத்தன்று குலால் பொடி பறக்கும் பக்கமே போகக் கூடாது. அந்த வருஷம் உன் பதக் நம் தெரு வழியாக வந்தது. நீ கண்ணாடியும் அதற்கு மேல் ஒரு பிளாஸ்டிக் மறைப்பும் போட்டுக்கொண்டு மாடியில் நின்றாய். கீழே அவர்கள் நின்று, உன்னைப் பார்த்து ஒரு முழு சுற்று வாசித்தார்கள். உன் பக்கம் ஒருவரும் குலால் வீசவில்லை. உன் விரல்கள் கைப்பிடிச் சுவரில் தட்டிக்கொண்டே இருந்தன. பதக் முனை திரும்பி மறைந்து வெகுநேரம் ஆகியும் நிற்கவில்லை.

படிப்பை முடித்து தளேகாவில் ஒரு தொழிற்சாலையில் கணக்குப் பிரிவில் சேர்ந்தாய். தினமும் லோனாவளா லோக்கல் ரயில். தலையைக் கொஞ்சம் இடப்பக்கம் திருப்பிக்கொண்டே நடக்கப் பழகியிருந்தாய். தெரியாதவர்கள் உன்னைக் கர்வம் பிடித்தவன் என்று நினைப்பார்கள். அந்த ரயில் மேடையில் காத்திருக்கும் ஒரு பெண்ணைப் பற்றி கண்ணை மூடிக்கொண்டுதான் என்னிடம் சொன்னாய். அவளும் உன் அலுவலகம். நாக்பூர்க்காரி. உனக்கு இடப்பக்கம் கூட்டம் வந்தால் சொல்லாமலே வந்து அந்தப் பக்கம் நின்றுகொள்வாள் என்றாய்.

"சொல்லிட்டியா?"

"இல்ல."

"ஏன்?"

"நாளைக்கு அவ முகம் எனக்குத் தெரியாமப் போச்சுன்னா?"

"அத அவகிட்ட கேட்டியா?"

ஐந்து நிமிஷம் முடிந்துவிட்டது, கண்ணைத் திறந்துவிட்டாய். திறந்த கண்ணோடு நாம் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. அவள் மாற்றலாகிப் போய்விட்டாள் என்று பிறகு தெரிந்தது. அவளைத் தேடிப் போய், அவன் உன்னை நினைத்துக்கொண்டிருந்தான் என்று சொல்லலாமா என்று நீ போன பிறகு பல தடவை யோசித்திருக்கிறேன். பெயர்கூட நீ சொல்லவில்லை.

எனக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியபோது அம்மா தெளிவாகச் சொல்லிவிட்டாள்: கல்யாணம் முடியட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம். நீ கேட்கவில்லை. முதலில் வந்தவரைத் தனியாக மாடிக்கு அழைத்துப் போய்ச் சொன்னாய். ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறோம் என்றார்கள், போடவில்லை. அம்மா உன்னோடு ஒரு வாரம் பேசவில்லை. இரண்டாவதாக வந்தவர் கோயம்புத்தூரிலிருந்து இங்கே கம்ப்யூட்டர் வேலைக்கு வந்தவர். அவரிடமும் மாடியில் சொன்னாய். தங்கச்சி கண்ணில் அழுத்தம் இருக்கிறது, ஆயுசுக்கும் சொட்டு விட வேண்டும், பிள்ளைகளுக்கும் வரலாம், என் கண்ணைப் பாருங்கள் என்று.

கீழே இறங்கி வந்து நேரே அம்மாவிடம், "இவரையே முடிச்சிருங்க" என்றாய்.

"என்ன சொன்னாரு?"

"எந்த நேரத்துக்கு விடணும்னு கேட்டாரு."

இன்றும் அவர்தான் எனக்கு அந்த நேரத்தைச் சொல்கிறார், அண்ணா.

நான் கல்யாணமாகிக் கோந்த்வாவுக்கு வந்த பிறகு மாலை ஏழுக்கு உன் மிஸ்டு கால் வரும். சொட்டு விட்டாயா என்று அதற்கு அர்த்தம். நான் திரும்ப ஒன்று கொடுப்பேன். சில நாள் எடுத்துப் பேசிவிடுவேன். இரண்டு பேரும் கண்ணை மூடிக்கொண்டு அங்கேயும் இங்கேயும். மகள் பிறந்தபோது நீ அவளைத் தூக்கி ஜன்னலருகே கொண்டுபோய், வெளிச்சத்தில் அவள் கண்ணைச் சுருக்குகிறாளா, நீர் வடிகிறதா என்றுதான் முதலில் பார்த்தாய். கருவிழி பெரிதாக இருக்கிறதா என்று என்னைப் பார்க்கச் சொன்னாய். பச்சைக் குழந்தைகளுக்கு வருவது வேறு வகை என்று உனக்கும் தெரியும். இருந்தாலும் பார்த்தாய். பார்த்து முடித்த பிறகுதான் முத்தம் கொடுத்தாய்.

கடைசியில் உன்னைக் கொண்டுபோனதற்கும் உன் கண்ணுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. மழை விட்ட மாதத்தில் ஒரு காய்ச்சல். டெங்கு. முதலில் சாதாரணமாகத்தான் இருந்தது, தளேகாவிலிருந்து ரயிலில்தான் வந்தாய். நாலாம் நாள் ஆஸ்பத்திரி. ரத்தத் தட்டணு எண்ணிக்கை இறங்கிக்கொண்டே போனது. அப்பா ரத்தம் தருபவர்களைத் தேடி அலைந்தார். உன் பதக் பையன்கள், இப்போது பிள்ளை குட்டிக்காரர்கள், வரிசையாக வந்து நின்றார்கள்.

நான் உள்ளே வந்தபோது சாயங்காலம். நீ கண்ணைத் திறந்து என்னைத் தேடினாய். நான் வலப்பக்கம் வந்து நின்றேன்.

"ஏட்டி, சொட்டு" என்றாய்.

கைப்பையிலிருந்து எடுத்து விட்டேன். மூக்கோரம் அழுத்த உன் கையில் பலம் இல்லை. நானே அழுத்திப் பிடித்தேன். நானும் கண்ணை மூடிக்கொண்டேன்.

"பாப்பாவக் கூட்டிட்டுப் போ" என்றாய். "சின்னப் பிள்ளதானன்னு தள்ளிப் போடாத."

"போறேன்."

"வருசா வருசம்."

"சரிண்ணா."

ஐந்து நிமிஷத்துக்கு மேல் ஆகியும் நான் விரலை எடுக்கவில்லை. நீயும் எடு என்று சொல்லவில்லை. மறுநாள் மதியம் நீ இல்லை.

சொன்னபடி கூட்டிக்கொண்டு போகிறேன். முதல் இரண்டு வருஷம் உன் டாக்டர் அம்மாவே பார்த்தார். உன்னைப் பற்றி அவரிடம் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மகளின் கன்னத்தைத் தட்டி, "மாமா மாதிரி பொய்யாக அழுத்தக் கூடாது" என்பார். இந்த வருஷம் அவர் ஓய்வு பெற்றுவிட்டார். போன வாரம் போனபோது அவர் நாற்காலியில் ஒரு சின்னப் பெண் இருந்தாள், படிப்பு முடித்து அதிக நாள் ஆகியிருக்காது. நல்ல மாதிரி. புது ஃபைல் போட்டு எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்டாள்.

"குடும்பத்தில் யாருக்காவது காச்பிந்து?"

"எனக்கு இருக்கிறது. என் அம்மாவுக்கு."

"வேறு?"

"பாவாலா ஆஹே" என்றேன். அண்ணனுக்கு இருக்கிறது என்று. இருந்தது என்று சொல்ல வேண்டும் என்று தெரியும். வாயில் அப்படித்தான் வந்தது. பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார், திருத்தவில்லை.

அந்தப் பெண் எழுதிக்கொண்டே கேட்டாள். "எந்த வயதில் கண்டுபிடித்தார்கள்? என்ன மருந்து? ஆபரேஷன் ஆகியிருக்கிறதா?" ஒவ்வொன்றாகச் சொன்னேன். உன் கல்லூரி, அந்த நாலு வேளைச் சொட்டு, சோடாவைக் கெடுத்த மாத்திரை, வலது கண் அறுவை. தேவைக்கு மேலேயே சொன்னேன்.

"இப்போது அவருக்குப் பார்வை எப்படி இருக்கிறது?"

"வலது கண்ணில் நன்றாக இருந்தது டாக்டர். கடைசிவரைக்கும் இருந்தது."

பேனா நின்றது. அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு மெஷினில் தாடை வைத்துக் காத்திருந்த மகளிடம், "வா ராணி, உன் கண்ணைப் பார்ப்போம்" என்று குனிந்துகொண்டாள்.

பாப்பாவுக்கு இந்த வருஷமும் ஒன்றும் இல்லை. அடுத்த வருஷமும் கூட்டிக்கொண்டு போவேன். அம்மா உன் பேரை எடுத்தால் அழுகிறாள், அப்பா எழுந்து வெளியே போய்விடுகிறார், உன் நண்பர்கள் என்னைப் பார்த்தால் மழையைப் பற்றிப் பேசுகிறார்கள். கண் ஆஸ்பத்திரியில் ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, உன் அண்ணனைப் பற்றிச் சொல் என்று கேட்கிறார்கள். உன்னைப் பற்றி என்னிடம் கேட்கிற இடம் இந்த ஊரில் இப்போது அது ஒன்றுதான்.